தேன் தராத தேனீ: வகைப்பாடு, உடல், பிரதிநிதித்துவம்

1

அரசியல் பேசிய பலருக்கும் தேனீ கைகொடுத்திருக்கிறது. 1609இல் சார்லஸ் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார் தேன்கூட்டைப் 'பெண்ணரசு' என்று எழுதி, முடியாட்சிக்கு இயற்கையிடமிருந்து ஒரு சான்றிதழ் வாங்கித் தந்தார். 1714இல் மாண்டவில் தேனீக்களின் கதை ஒன்றைச் சொல்லி, தனிமனிதரின் பேராசையிலிருந்துதான் பொதுச்செழிப்பு வருகிறது என்று வாதிட்டார். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில், மனித உழைப்பின் தனித்தன்மையை விளக்க மார்க்ஸும் தேனீயைத்தான் சாட்சிக்கு அழைத்தார். கட்டுவதற்கு முன்னால் மனதுக்குள் கட்டிப் பார்ப்பது மனிதர்தான், தேனீ அல்ல என்பது அங்கே அவர் வைக்கும் வாதம்.

மன்னராட்சிக்காரர், சந்தைக்காரர், பொதுவுடைமைக்காரர் மூவர் கையிலும் இருந்தது ஒரே தேனீ. கூட்டமாக வாழ்ந்து, மெழுகால் அறை கட்டி, தேனைச் சேர்த்து வைக்கிற ஏபிஸ் பேரினத்துத் தேனீ. இதுவரை பெயர் பெற்ற தேனீச் சிற்றினங்கள் ஏறத்தாழ 20,000 இருக்கும். அதில் ஏபிஸ் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. மற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேற்பட்டவை மண்ணைத் தோண்டிக் கூடு வைப்பவை. அதாவது, தேனீ என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது தேனீக்களில் ஒரு மிகச் சிறிய விதிவிலக்கு.

இந்தக் கட்டுரை மற்றவற்றைப் பற்றியது. குறிப்பாக ஆந்த்ரீனா என்ற பேரினத்தை மையமாக வைத்து, மண்ணில் கூடு வைக்கும் தனித்தேனீக்களை ஐரோப்பிய அறிவியல் எப்படி வகைப்படுத்தியது, எங்கே தடுமாறியது, அந்தத் தடுமாற்றத்தை யார் காட்டிக்கொடுத்தது என்று பார்க்கலாம். வசதிக்காக இவற்றை மண்தேனீ என்று சொல்லிக்கொள்கிறேன். ஆந்த்ரீனாவில் மட்டும் 1,500க்கு மேற்பட்ட சிற்றினங்கள். பெரும்பாலும் வடகோளத்தின் மிதவெப்பப் பகுதிகளில் வாழ்பவை. நம் பக்கத்திலும் மண்ணைத் தோண்டும் தேனீக்கள் இல்லாமல் இல்லை; ஹாலிக்டிடே குடும்பத்தவை உண்டு, நீலக்கோடுகள் போட்ட அமெகில்லா உண்டு. ஆனால் வகைப்பாட்டின் சண்டை பிரதானமாக நடந்தது இங்கிலாந்திலும் பிரான்சிலும் பிடிபட்ட ஆந்த்ரீனாவின் உடம்பின்மீது. ஆகவே கதையும் அங்கேதான்.

முதலில் இதன் வாழ்க்கையைப் பார்ப்போம். வசந்தத்தில் பெண் தேனீ மண்ணிலிருந்து வெளியே வருகிறது. இணை சேர்ந்த பிறகு தனி ஆளாகச் சுரங்கம் தோண்டுகிறது. பக்கவாட்டில் சின்னச் சின்ன அறைகள். அறையின் உட்சுவரில் தன் உடம்பில் சுரக்கும் ஒரு திரவத்தைப் பூசுகிறது. ஈரம் உள்ளே புகாது. மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து ஒரு உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை, பிறகு மண்ணால் வாயை மூடிவிட்டு அடுத்த அறை. சில வாரங்களில் அது செத்துப்போகிறது. குஞ்சு தாயைப் பார்ப்பதில்லை. புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் கடைசியில் முதிர்ந்த தேனீயாகவும் மண்ணுக்குள்ளேயே பத்துப் பதினொரு மாதம் கிடந்து அடுத்த வசந்தத்தில் வெளியே வருகிறது. அரசி கிடையாது, வேலைக்காரி கிடையாது, எடுத்து விற்கத் தேனும் கிடையாது.

தேன் கிடையாது என்பதால்தானோ என்னவோ நம் மொழியிலும் இதற்கு இடமில்லை. 'தேனீ' என்ற சொல்லே தேனையும் ஈயையும் சேர்த்துக் கட்டியது. நமக்கு என்ன தருகிறது என்பதை வைத்து வைத்த பெயர். தராததை வண்டு என்போம், இல்லாவிட்டால் பூச்சி என்று பொதுவில் தள்ளுவோம். தொல்காப்பிய மரபியல் இந்தக் கணக்கில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையால் பிரித்து, நண்டையும் தும்பியையும் நான்கறிவு என்று ஒரே வரிசையில் உட்கார வைக்கிறது. பயனை விட்டு உயிரின் திறனைப் பார்த்த பிரிவு அது. சரியா தப்பா என்பது வேறு. எதைப் பார்த்துப் பிரிக்கிறோம் என்பதே முதல் முடிவு. மற்றதெல்லாம் அதன் பின்னால் வருகிறது.

2

1758இல் லின்னேயஸ் 'சிஸ்டமா நட்டூரே'யின் பத்தாம் பதிப்பில் எல்லாத் தேனீக்களையும் ஏபிஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் போட்டார். நமக்குத் தேன் தருவது ஏபிஸ் மெல்லிஃபெரா, தேனைச் சுமப்பது. சாம்பல் நிற மண்தேனீ ஏபிஸ் சினெரேரியா. அதாவது மண்தேனீ முதலில் பெயர் பெற்றபோது தேன்கூட்டுத் தேனீயின் ஒரு ரகமாகத்தான் பெயர் பெற்றது. 1761இல் லின்னேயஸுக்கே சந்தேகம் வந்தது. தேனீ தேனைச் சுமப்பதில்லை, தயாரிக்கிறது என்று யோசித்து மெல்லிஃபிகா என்று மாற்றப் பார்த்தார். முந்தைய பெயரே செல்லும் என்ற விதியால் அந்தத் திருத்தம் நிற்கவில்லை. பொருந்தாது என்று பெயர் வைத்தவருக்கே தெரிந்த ஒரு பெயரைத்தான் உலகம் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறது.

லின்னேயஸுக்கு முன்பே, 1742இல், பிரான்சில் ரெயோமூர் தன் பூச்சி நூலின் ஆறாம் தொகுதியில் தனித்தேனீக்களின் கூடுகளை வருணித்திருந்தார். அவர் பார்த்தது நடத்தையை. எப்படித் தோண்டுகிறது, எப்படி அடைக்கிறது என்பதை. லின்னேயஸின் அட்டவணையிலோ நடத்தைக்கு அதிக இடமில்லை. ஊசியில் குத்தி வைத்த உடம்பு போதும். பதினெட்டாம் நூற்றாண்டின் இயற்கை வரலாறு கண்ணுக்குத் தெரிகிற உறுப்புகளைச் சொற்களாக்கியது என்று ஃபூக்கோ 'சொற்களும் பொருட்களும்' (1966) நூலில் சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

அந்த உடம்பிலும் எந்த உறுப்பு? லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரீசியஸ் வாயுறுப்புகள் என்றார். 1775இல் அந்த அளவுகோலோடு அவர் உருவாக்கிய பேரினங்களில் ஒன்றுதான் ஆந்த்ரீனா. மண்தேனீ தனிப்பெயர் பெற்ற வருஷம் அது. அடுத்த பெரிய நகர்வு 1802இல். அந்த ஒரே ஆண்டில் இரண்டு பாதிரிமார்கள், ஒருவர் இங்கிலாந்தில், ஒருவர் பிரான்சில், தேனீக்களை இரண்டாகப் பிளந்தார்கள்.

பிரெஞ்சுக்காரர் லாத்ரெய். புரட்சி அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காத பாதிரிகளில் ஒருவராகப் போர்தோ சிறையில் கிடந்து, அங்கே கண்டெடுத்த ஒரு அபூர்வ வண்டினால் தலை தப்பியவர். ஆங்கிலேயர் வில்லியம் கிர்பி, சஃபோக்கில் பார்ஹாம் என்ற கிராமத்துப் பாதிரி. நாட்டைவிட்டு வெளியே போகாமலே, பெரும்பாலும் தன் பங்கின் வயல்களிலும் பாதையோர மேடுகளிலும் தேடி, இங்கிலாந்துத் தேனீக்களைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். நாக்கு குட்டையானவை ஒரு பக்கம், நாக்கு நீளமானவை இன்னொரு பக்கம் என்பது இருவரும் எடுத்த முடிவு. லாத்ரெய் வைத்த குடும்பப் பெயர்கள், ஆந்த்ரீனிடேயும் ஏபிடேயும், இன்றும் அவர் பெயரோடும் 1802 என்ற எண்ணோடும்தான் வழங்குகின்றன. கிர்பி குட்டை நாக்குக்காரர்களுக்கு மெலிட்டா என்று பெயர் வைத்தார். நீள நாக்குக்காரர்களை ஏபிஸிலேயே விட்டார். மண்தேனீ ஆந்த்ரீனா மெலிட்டாவுக்குள் போனது.

இங்கே கிர்பி செய்த ஒன்று என்னை யோசிக்க வைத்தது. மெலிட்டாவுக்குள்ளும் ஏபிஸுக்குள்ளும் இயல்பான சிறு குழுக்கள் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவற்றைப் பிரிக்கவும் பிரித்தார். ஆனால் பெயர் வைக்கவில்லை. நட்சத்திரக் குறி, அதன் பக்கத்தில் ஒரு எழுத்து, அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் அந்தக் குறிகளைப் பெரும்பாலும் அப்படியே தனிப் பேரினங்களாக்கிக்கொண்டார்கள். பிரிவுகள் சரியாகத்தான் இருந்தன. குருவின் பேரினத்தை உடைக்கத் தயங்குகிற சீடரின் கை என்று அதைப் படிக்கலாம். 1835இல் படைப்பில் கடவுளின் ஞானத்தை நிறுவுவதற்கென்றே நூல் எழுதியவர் அவர். ஒழுங்கு ஏற்கெனவே மேலே எழுதப்பட்டுவிட்டது, நாம் அதைப் படித்துச் சொல்பவர்கள் மட்டுமே என்பது அவர் நம்பிக்கை. பெயர் வைப்பது ஒரு அதிகாரச் செயல் என்று நாம் இப்போது சொல்கிறோம். பெயர் வைக்காமல் குறி மட்டும் போட்டவரிடமும் அதே அதிகாரப் பிரச்சினைதான், வேறொரு முகத்தோடு.

3

கிர்பியின் தேனீக்களில் ஒன்று அவரை ஏமாற்றியது. ஒரு மண்தேனீயின் வயிற்றில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உண்ணி என்று நினைத்து ஊசியால் நெம்பினார். வந்தது உண்ணி இல்லை, வேறொரு பூச்சி. தேனீயின் வயிற்றுத் தகடுகளுக்கு இடையே தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உள்ளேயே வாழ்கிற ஒட்டுண்ணி. அதற்கு ஸ்டைலாப்ஸ் என்று பெயர் கொடுத்தார். 1813இல் அதற்கும் அதன் உறவுகளுக்குமாக ஸ்ட்ரெப்சிப்டெரா என்ற தனி வரிசையையே உருவாக்கினார். இதன் ஆணுக்கு இறக்கை உண்டு. பெண் ஆயுள் முழுக்கத் தேனீயின் உடம்பைவிட்டு வெளியே வருவதில்லை.

இந்த ஒட்டுண்ணி ஆந்த்ரீனாவின் வகைப்பாட்டில் வைத்த வேட்டு சாதாரணமானதல்ல. பொதுவாகப் பெண் மண்தேனீக்குப் பின்காலில் மகரந்தம் சுமக்கும் அடர்ந்த மயிர்த்தூரிகை உண்டு. ஆணுக்குக் கிடையாது, பல சிற்றினங்களில் ஆணின் முகத்தில் வெள்ளையோ மஞ்சளோ இருக்கும். ஸ்டைலாப்ஸ் புகுந்த பெண்ணின் தூரிகை மெலிந்துபோகிறது. ஆணின் முகத்துக்கு உரிய நிறம் அதன் முகத்தில் தலைகாட்டுகிறது. ஒட்டுண்ணி பிடித்த ஆணிலோ அந்த நிறம் குறைகிறது. ஆண் பெண் அடையாளம் என்று நம்பிப் பெட்டியில் பிரித்து வைத்த குறிகளெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலங்கிவிட்டன. 1886இல் ழான் பெரெஸ் ஆந்த்ரீனாவில் ஸ்டைலாப்ஸ் செய்யும் மாற்றங்களைத் தனி ஆய்வாகவே எழுதினார். அதற்குள் நோய்ப்பட்ட உடம்புகள் புதிய சிற்றினங்களாகப் பெயர் பெற்றிருந்தன.

இன்னும் இரண்டு குழப்பங்கள். ஆணும் பெண்ணும் பார்ப்பதற்கு வேறு வேறாக இருப்பதால் ஒரே சிற்றினத்தின் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று ஆனதுண்டு. சில மண்தேனீக்களுக்கு வருஷத்தில் இரண்டு தலைமுறை. வசந்தத்தில் வருவதும் கோடையில் வருவதும் நிறத்திலும் அளவிலும் மாறுபடும். தாயும் மகளும் இரண்டு சிற்றினமாகப் பதிவானார்கள். இந்த முடிச்சுகளை அவிழ்த்தது புதிய தத்துவம் எதுவும் இல்லை. உயிரோடு வயலில் போய்ப் பார்த்தது, எது எதோடு இணை சேர்கிறது, எந்தத் துளையிலிருந்து எது வெளியே வருகிறது என்று காத்துக் கிடந்தது. ரெயோமூர் செய்த வேலை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

4

நாக்கின் கதைக்குத் திரும்புகிறேன். குட்டை நாக்கு, நீள நாக்கு என்ற பிரிவு இரண்டு நூற்றாண்டு நின்றது. டார்வினுக்குப் பிறகு அதற்கு ஒரு புதிய பொருள் ஏறியது: குட்டை என்றால் பழையது, நீளம் என்றால் முன்னேறியது. குட்டை நாக்குக்காரர்களிலும் கொலிட்டிடே குடும்பத்தின் நாக்கு நுனி இரண்டாகப் பிளந்து குளவிகளின் நாக்கைப் போலவே இருக்கிறது. தேனீக்கள் குளவிகளிலிருந்து வந்தவை. ஆக, கொலிட்டிடேதான் ஆதித் தேனீ என்று தீர்ப்பாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய தேனீ வகைப்பாட்டாளர் சார்லஸ் மிச்னரும் இந்தப் பார்வையோடு நெடுங்காலம் வேலை செய்தவர்தான். உறுத்தலான விஷயங்கள் இல்லாமல் இல்லை. கொலிட்டிடேயின் பெண் அந்தப் பிளந்த நாக்கைத் தூரிகைபோல வைத்துக்கொண்டு கூட்டின் சுவரில் மெல்லிய காகிதம் போன்ற ஒரு பூச்சைத் தடவுகிறது. அதே குடும்பத்தின் சில ஆஸ்திரேலியத் தேனீக்களில் கூட்டு வேலை எதுவும் செய்யாத ஆணின் நாக்கு கூர்மையாக இருக்கிறது.

2006இல் பிரையன் டான்ஃபோர்த்தும் உடன் ஆய்வாளர்களும் ஐந்து மரபணுக்களையும் உடலமைப்பையும் சேர்த்து வைத்துத் தேனீக்களின் கிளைமரத்தை வரைந்தார்கள். மரத்தின் அடியில் வந்தது கொலிட்டிடே அல்ல, மெலிட்டிடே. கொலிட்டிடே மேலே ஒரு கிளைக்குள் போய் உட்கார்ந்தது. அதன் நாக்கு முன்னோரின் மிச்சம் இல்லை. செய்கிற வேலைக்காகப் பின்னால் உருவான கருவி. குட்டை நாக்குத் தேனீக்கள் என்ற பெரிய பிரிவும் ஒரு இயற்கைக் குடும்பமாக நிற்கவில்லை. நீள நாக்கு இல்லாதவை என்பதைத் தவிர அவற்றைச் சேர்த்துக் கட்ட ஒன்றுமில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடிமரத்துக்கு வந்த மெலிட்டிடேயின் பெயர் கிர்பி வைத்த மெலிட்டாவிலிருந்து வந்ததுதான். அவர் ஆந்த்ரீனாவுக்கும் சேர்த்து விரித்த அந்தப் பெயர் காலப்போக்கில் சுருங்கி ஒரு சின்னப் பேரினத்துக்கு மட்டும் மிஞ்சியிருந்தது.

பிறப்பைச் சொல்கிறது என்று ஒரு உறுப்பைப் படித்தார்கள். அது சொன்னது தொழிலை. தொழிலைப் பிறப்பாகப் படிக்கிற பழக்கம் நமக்குப் புதிதல்ல, விளக்கவும் தேவையில்லை. ஆனால் பூச்சியிலிருந்து சமூகத்துக்கு நேராகக் கோடு இழுப்பது மாண்டவில் செய்த வேலை. அதை நான் செய்ய விரும்பவில்லை. படிக்கிற முறையில் இருக்கும் ஒற்றுமையைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

5

நம் சிற்றிதழ்களில் வகைப்பாடு பற்றிப் பேச்சு வந்தால் போர்ஹெஸின் சீனக் கலைக்களஞ்சியத்தில் ஆரம்பித்து, எல்லா வகைப்பாடும் அதிகாரத்தின் சொல்லாடலே என்று முடிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த வாதம் கொண்டுவந்த விடுதலையை நான் மறுக்கவில்லை. பிரிப்பவர் யார், எந்த நலனுக்காக என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது அது. ஆனால் மண்தேனீயின் வரலாறு அங்கே நிற்க விடுவதில்லை. எல்லாமே சொல்லாடல்தான் என்றால் 1802இன் பிரிவும் 2006இன் பிரிவும் சமம், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று. அப்படி இல்லையே. ஒட்டுண்ணி பிடித்த உடம்பு பட்டியலை மறுத்துப் பேசியது. கூர்மையான ஆண் நாக்கு கோட்பாட்டில் பொருந்தாமல் உறுத்திக்கொண்டே இருந்தது. வகைப்பாடு அதிகாரம் சார்ந்தது என்பதும் உண்மை, அது பொய்யாகப் போகக்கூடியது என்பதும் உண்மை. இரண்டாவதை விட்டுவிட்டால் தவறாக வகைப்படுத்தப்பட்டவர் முறையிட இடமில்லாமல் போகும். 'இது என்னைப் பற்றிய பொய்' என்று சொல்ல உண்மை என்று ஒன்று வேண்டும்.

'தனித்தேனீ' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். கூட்டம், அரசி, வேலைக்காரி எதுவும் இல்லாதது என்று இல்லாமைகளால் ஆன பெயர். அளவுகோல் மறுபடியும் ஏபிஸ்தான். ஆந்த்ரீனா ஸ்காட்டிகாவில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே வாசலைப் பயன்படுத்துவதுண்டு, ஆனால் உள்ளே அவரவருக்கு அவரவர் அறை. அது தனிமையா, கூட்டமா? மண்ணிலேயே கூடு வைக்கும் ஹாலிக்டஸ் ரூபிகுண்டஸ் இன்னும் சங்கடமானது. வெயில் காலம் நீளமாக இருக்கும் இடத்தில் முதல் தலைமுறை மகள்கள் தாய்க்கு வேலைக்காரிகளாகிறார்கள். குளிர்ப் பகுதியில் ஒவ்வொரு பெண்ணும் தனிக்குடித்தனம். பிரிட்டிஷ் தீவுகளில் வடக்கேயிருந்து இந்தத் தேனீக்களைத் தெற்கே கொண்டுபோய் விட்டுப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. தனியாக வாழ்ந்தவற்றின் சந்ததியில் சில அங்கே கூட்டமாக வாழத் தொடங்கின. தனித்திருப்பது சுபாவம் என்று எழுதி வைத்த இடத்தில் இருந்தது சூழ்நிலை.

6

இதெல்லாம் அருங்காட்சியகப் பெட்டிக்குள் நடக்கிற சண்டை, நமக்கென்ன என்று கேட்கலாம். பெட்டியோடு முடிகிற விஷயமாக இருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு பூச்சிக்கொல்லி தேனீக்களுக்கு ஆபத்தானதா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒரு தேனீயை எடுத்துச் சோதிக்கிறார்கள். எந்தத் தேனீ? 1998இல் ஓ.இ.சி.டி. வெளியிட்ட 213, 214 எண் சோதனை முறைகள் இரண்டும் தேன்கூட்டுத் தேனீக்கானவை. உலகின் பல ஒழுங்குமுறை அமைப்புகள் சார்ந்திருப்பது இந்த வகைச் சோதனைகளைத்தான். பெரிய மயிர்த்தேனீயான பம்பிள்பீக்குத் தனிச் சோதனை முறை 2017இல்தான் வந்தது. 2013இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் தனித்தேனீக்களையும் கணக்கில் கொண்டுவந்தபோது அவற்றின் சார்பாகத் தேர்ந்தெடுத்தது ஓஸ்மியாவை. ஓஸ்மியா நாணல் தண்டிலும் மரத்துளையிலும் கூடு வைப்பது. வளர்க்க எளிது, சோதனைக்கூடத்துக்குத் தோது. மண்ணுக்குள் வாழ்கிற பெரும்பான்மைக்குப் பிரதிநிதியாக மண்ணுக்குள் கூடு வைக்காத ஒன்று.

பிரதிநிதி எங்கே வாழ்கிறது என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை. விதையில் பூசியோ மண்ணில் ஊற்றியோ தருகிற நியோநிகோட்டினாய்டு மருந்துகளில் பெரும்பகுதி செடிக்குப் போவதில்லை, மண்ணிலேயே தங்குகிறது. தேன்கூட்டுத் தேனீயின் குஞ்சு மெழுகு அறையில் வளர்கிறது. மண்தேனீயின் குஞ்சு வருஷத்தில் பெரும்பகுதி அந்த மண்ணில்தான் கிடக்கிறது. தாயும் அதே மண்ணைத்தான் தாடையால் கடித்துத் தோண்டுகிறது. தேன்கூட்டில் ஆயிரம் வேலைக்காரிகள் செத்தாலும் அரசி இருந்தால் கூடு மீளலாம். மண்தேனீயில் ஒரு பெண் செத்தால் அவள் வைத்திருக்கக்கூடிய அத்தனை அறையும் அதோடு போச்சு.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் வில்லிஸ் சானும் நைஜல் ரெய்னும் பூசணித் தேனீயை வைத்து மூன்று ஆண்டு ஆய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். இமிடாகுளோபிரிட் மண்ணில் இடப்பட்ட பூசணிப் பாத்திகளில் இந்தத் தேனீ வைத்த கூடுகள் 85 சதவீதம் குறைந்தன. பிறந்த சந்ததி 89 சதவீதம் குறைந்தது. பூசணித் தேனீ வகைப்பாட்டின்படி ஏபிடே, அதாவது தேன்கூட்டுத் தேனீ இருக்கிற அதே குடும்பம். வாழ்வது மட்டும் மண்ணுக்குள். ஒரே குடும்பத்துப் பெயர் இருந்தும் அது இந்த உயிருக்குப் பாதுகாப்பு எதையும் வாங்கித் தரவில்லை. வம்சாவளியை வைத்துப் பிரிப்பது ஒரு கேள்விக்கு விடை. நஞ்சு எங்கே எவரைத் தொடும் என்ற கேள்விக்கு வாழிடத்தை வைத்து இன்னொரு பிரிவு வேண்டும். எந்தக் கேள்விக்காகப் பிரிக்கிறோம் என்பதை மறந்துவிட்டு ஒரே பட்டியலை எல்லாவற்றுக்கும் நீட்டினால், பட்டியல் சரியாக இருந்தாலும் தீர்ப்பு தப்பாகும்.

'தேனீயைக் காப்போம்' என்ற முழக்கம் இன்று எங்கும் கேட்கிறது. பலரும் பெட்டி வாங்கி ஏபிஸ் வளர்க்கிறார்கள். தேனீ வளர்ப்பவர்மீது எனக்குப் புகார் இல்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் கோழிப்பண்ணை வைத்துப் பறவைகளைக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியாது. மண்தேனீக்கு வேண்டியது பெட்டி இல்லை. உழாமல், சிமெண்டு பூசாமல், நஞ்சு ஊற்றாமல் விட்ட கொஞ்சம் வெற்று மண்ணும் பக்கத்தில் பூக்களும். சூழலியல் பேசுகிற தோழர்கள் இனி எந்த அறிக்கையில் 'தேனீக்களுக்குப் பாதிப்பில்லை' என்ற வரியைப் படித்தாலும் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பழக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: எந்தத் தேனீக்கு?